செவ்வாயின் கோடுகள்: பெர்சிவல் லோவெலின் வாழ்வும் தொடக்ககால அறிவியல் புனைகதையும்

முன்னுரை

அறிவியல் புனைகதைகளை ஆராய்வோர், அவற்றில் சொல்லப்பட்டவை பிற்காலத்தில் மெய்யாயினவா பொய்த்தனவா என்று கணக்கிட்டுப் பார்ப்பது வழக்கம். நிலவுப் பயணம் மெய்யாயிற்று, செவ்வாய் மாந்தர் பொய்த்தனர் என்ற அளவில் இக்கணக்கு முடிந்துவிடும். ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த செவ்வாய்க் கதைகளை இவ்வளவுகோலால் மட்டும் அளந்தால் அடிப்படையான செய்தியொன்று விடுபட்டுப் போகும். அக்கதாசிரியர்களுள் பெரும்பாலோர் அறிவியலைப் புறக்கணித்துக் கற்பனை செய்தவர்கள் அல்லர். தம் காலத்து வானியல் நூல்களைப் படித்து, அவற்றில் கண்ட உலகத்தையே கதைக்களமாக்கிக் கொண்டவர்கள். கற்பனை முதலில் நிகழ்ந்த இடம் வானாய்வகமே. அங்கு அதனைச் செய்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் (1855-1916). அவர் ஒரு கதைகூட எழுதவில்லை. ஆயினும் செவ்வாய்க் கதை மரபின் தோற்றுவாய்களுள் அவருடைய நூல்களுக்கு உரிய இடம் பெரிது. அவ்வாழ்க்கையை அக்கதைகளோடும் பின்னர் வெளிப்பட்ட கோளறிவியல் உண்மைகளோடும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

பாஸ்டனும் கீழ்த்திசையும்

1855 மார்ச் 13 அன்று பாஸ்டன் நகரில் லோவெல் பிறந்தார். நியூ இங்கிலாந்தில் பருத்தி ஆலைத் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம் அது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஆலை நகரமே அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தம்பி அபட் லாரன்ஸ் பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரானார்; தங்கை ஏமி கவிஞராகப் புகழ்பெற்றார். லோவெல் 1876இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றபோது, சூரியக் குடும்பம் வாயு முகிலிலிருந்து தோன்றியது என்னும் நெபுலாக் கருதுகோள் பற்றிப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் வித்து இவ்வுரையில் இருந்தது எனலாம். இக்கருதுகோளின்படி சிறிய கோள் விரைவில் குளிரும். விரைவில் குளிர்வது விரைவில் முதுமையடையும். புவியினும் சிறியதான செவ்வாய், ஆகவே, புவியினும் முதிர்ந்த உலகம்.

சில ஆண்டுகள் குடும்ப வணிகத்தைக் கவனித்தபின் அதனை விட்டு விலகி 1883இல் ஜப்பானுக்குச் சென்றார். அங்கிருந்தபோது, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கொரியத் தூதுக்குழுவுக்கு ஆலோசகராகப் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியது. பின்னர்க் கொரிய அரசரின் விருந்தினராகச் சியோலில் ஒரு குளிர்காலம் தங்கி, அரசரை ஒளிப்படமும் எடுத்தார். கொரியாவைப் பற்றியும் ஜப்பானைப் பற்றியும் நான்கு நூல்கள் எழுதினார்.

லோவெலின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பத்தாண்டினை ஒரு செல்வந்தரின் பொழுதுபோக்காகக் கருதிக் கடந்துவிடுவதுண்டு. அதனை ஏற்பதற்கில்லை. கீழ்த்திசை மக்களின் உள்ளம் பற்றி 1888இல் அவர் வெளியிட்ட நூல், மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்லத் தனிமனித உணர்வு குறைந்துகொண்டே போவதாக வாதிட்டது. ஒரு சமூகத்தைத் தொலைவில் நின்று பார்ப்பது, சில அடையாளங்களைக் கொண்டு அதன் அகத்தைக் கட்டமைப்பது, அதனைப் படிமலர்ச்சி ஏணியில் ஒரு படியில் நிறுத்துவது ஆகிய மூன்றையும் அந்நூலில் காணலாம். செவ்வாயைப் பற்றி எழுதியபோது அவர் செய்ததும் இதுவே. ஜப்பானியரிடம் குறையென்று அவர் கண்ட தனிமனித உணர்வின்மை, செவ்வாயில் கோள் முழுவதும் ஒன்றுபட்டு உழைக்கும் சமூகத்தின் நிறைவாக உருமாறியது என்பதே இதில் வியப்பானது.

ஒரு சொல்லின் பெயர்ப்பு

1877இல் செவ்வாய் புவிக்கு மிக நெருங்கி வந்தபோது, மிலான் நகர வானியலாளர் ஜொவான்னி ஸ்கியாப்பரெல்லி அதன் பரப்பில் மெல்லிய கருங்கோடுகள் சிலவற்றைக் கண்டு வரைபடம் தீட்டினார். அவற்றை அவர் இத்தாலிய மொழியில் கனாலி என்றார். இயற்கையாய் அமைந்த நீர்வழியையும் மனிதர் வெட்டியதையும் ஒருங்கே குறிக்கவல்ல சொல் அது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிபெயர்த்தோர் மனிதர் வெட்டியதைக் குறிக்கும் சொல்லையே கைக்கொண்டனர். தமிழில் இதே இடர் வேறு வடிவில் எழும். ஓடை என்றால் இயற்கை. கால்வாய், வாய்க்கால் என்றாலே மண்வெட்டியும் முறைநீரும் கரைகாவலும் நினைவுக்கு வந்துவிடும். கால் என்னும் பழஞ்சொல்லே இரண்டிற்கும் பொதுவாக நிற்கக்கூடியது. ஸ்கியாப்பரெல்லியின் கோடுகளைச் செவ்வாய்க் கால்வாய்கள் என்று இன்று நாம் எழுதும்போது, லோவெலின் முடிவை நம்மையறியாமல் ஏற்றுக்கொண்டே எழுதுகிறோம். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டிருந்தது. கால்வாய் வெட்டுவதே நாகரிகத்தின் உச்சச் செயலாகப் போற்றப்பட்ட காலம் அது. பிழையான பெயர்ப்புக்கு அக்காலமே துணைநின்றது.

செவ்வாய்க் குன்று

பிரெஞ்சு வானியலாளர் கமீல் ஃபிளமாரியோன் செவ்வாய் பற்றி அதுவரை செய்யப்பட்ட நோக்கல்களையெல்லாம் தொகுத்து 1892இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அறிவியலையும் கற்பனைக் கதையையும் ஒரே கையால் எழுதியவர் அவர். அந்நூல் லோவெலுக்கு 1893ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் செவ்வாய் மீண்டும் நெருங்கி வரவிருந்தது. வில்லியம் பிக்கரிங், ஆண்ட்ரூ டக்ளஸ் ஆகிய இருவரையும் துணைக்கொண்டு, அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் சிற்றூருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், தம் சொந்தச் செலவில் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். அவ்விடம் செவ்வாய்க் குன்று எனப் பெயர்பெற்றது. நகர வெளிச்சமும் கலங்கிய காற்றும் இல்லாத உயர்ந்த இடத்தில் தொலைநோக்கியை நிறுவவேண்டும் என்பதில் அவர் காட்டிய உறுதி வானியலுக்கு அவர் செய்த மெய்யான பணியாகும். பிற்காலப் பெரு வானாய்வகங்கள் அவ்வழியையே பின்பற்றின.

இங்குக் காலமுறை ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். 1894 மே மாதம், தம் தொலைநோக்கி செவ்வாயை நோக்கித் திரும்புவதற்கு முன்னரே, பாஸ்டனில் ஆற்றிய உரையொன்றில் அக்கோடுகள் அறிவுடைய உயிர்களின் படைப்பாக இருத்தலே பெரிதும் பொருந்தும் என்ற கருத்தை லோவெல் வெளியிட்டுவிட்டார். முடிவு முன்னே நின்றது. நோக்கல் பின்னே வந்தது. இம்முறையைக் கலிபோர்னியாவின் லிக் வானாய்வக இயக்குநர் எட்வர்டு ஹோல்டன் அப்போதே கண்டித்தார்.

1895இல் வெளிவந்த செவ்வாய் என்னும் நூலும், 1906, 1908ஆம் ஆண்டுகளில் தொடர்ந்த இரு நூல்களும் லோவெலின் கோட்பாட்டை முழுமையாக்கின. அக்கோட்பாடு ஒரு வழக்கறிஞரின் வாதம் போலப் படிப்படியாக ஏறிச் செல்வது. செவ்வாயில் காற்று உண்டு. துருவங்களில் பனிக்கவிகை உண்டு. எனவே நீர் உண்டு. ஆனால் அந்நீர் மிகக் குறைவு. செம்மஞ்சள் நிலமெல்லாம் பாலை. கருநிறப் பகுதிகள் கடலன்று, பயிர்நிலம். இளவேனிலில் துருவப் பனி உருக உருக, கோடுகள் துருவத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கருமையடைகின்றன. அக்கருமை 52 நாள்களில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 51 மைல் வேகத்தில் பரவுவதாக லோவெல் கணக்கிட்டார். சமதரையில் நீர் தானே இவ்வாறு ஓடாது. ஆகவே அது இறைக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரிவது கால்வாயன்று, அதன் இருகரையிலும் தழைக்கும் பயிர்ப்பட்டை. இத்தகைய நேர்க்கோடுகள் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றை அவரும் உதவியாளர்களும் வரைபடத்தில் குறித்தனர். கோள் முழுவதையும் தழுவிய பாசன அமைப்பு இருக்குமாயின் அங்கு நாடுகளுக்கிடையே போர் இருக்கவியலாது என்பதும் அவருடைய முடிவு. வறண்டு மடியும் உலகில், எஞ்சிய நீரைப் பகிர்ந்து வாழும் முதிர்ந்த சமூகம் ஒன்றின் இறுதிக்காலச் சித்திரம் இவ்வாறு உருவாயிற்று.

இவ்வாதத்தின் ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சார்ந்தே நிற்பது. முதற்படியான கோடுகள் இல்லையென்றால் எஞ்சியது முழுவதும் விழும். ஆனால் லோவெலின் நடை வாசகரை முதற்படியில் நிற்கவிடுவதில்லை. துன்பியற் காப்பியத்தின் இறுதிப் பகுதியைப் போன்று மடியும் உலகின்மீது அவர்தம் உள்ளத்தை நிறுத்திவிடுகிறது. 1906இல் பாஸ்டனில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே மூன்றாம் நூலுக்கு அடிப்படையாயின. பொதுமக்களிடையே அவர் பெற்ற செல்வாக்கிற்கும், வானியலாளரிடையே அவர்மீது எழுந்த ஐயத்திற்கும் காரணம் இந்த நடையே எனத் தோன்றுகிறது.

வெள்ளியும் விழித்திரையும்

1896இல் 24 அங்குலத் தொலைநோக்கி ஃபிளாக்ஸ்டாஃபில் நிறுவப்பட்டது. அதன்வழி வெள்ளியை நோக்கிய லோவெல், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற கோடுகள் அதன்மீது விரவியிருப்பதாக வரைந்தார். அடர்ந்த முகிலால் மூடப்பட்ட வெள்ளியின் தரை எந்தத் தொலைநோக்கிக்கும் புலப்படுவதன்று. ஒளியைக் குறைக்கும் பொருட்டு அவர் தொலைநோக்கியின் வாயை மிகச் சுருக்கியதால், தம் விழித்திரையின் குருதி நாளங்களுடைய நிழலையே கண்டிருக்கக்கூடும் என்ற விளக்கம் பிற்காலத்தில் முன்வைக்கப்பட்டுள்ளது. அது சரியாயின், கோளைப் பார்ப்பதாக எண்ணித் தம் கண்ணையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

1897இல் நரம்புத் தளர்ச்சியால் படுத்த லோவெல் ஏறத்தாழ நான்காண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்தார். இக்காலத்தில் ஆய்வகத்தை நடத்திய டக்ளஸ், செயற்கை உருண்டைகளைத் தொலைவில் வைத்துத் தொலைநோக்கியால் பார்த்து, கோளில் காண்பதாகச் சொல்லப்படும் தோற்றங்களுள் சில அவற்றிலும் தெரிவதைக் கண்டறிந்தார். லோவெலின் முறையியல் குறித்துத் தம் ஐயங்களை அவருடைய உறவினர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அது லோவெலின் பார்வைக்குச் சென்றது. 1901இல் டக்ளஸ் பணியிழந்தார். மரவளையங்களைக் கொண்டு காலம் கணிக்கும் துறையைப் பின்னாளில் நிறுவிப் பெரும்புகழ் பெற்றவர் இதே டக்ளஸ். லோவெலின் வாழ்வில் மன்னித்தற்கு அரியதாகத் தோன்றுவது இந்நிகழ்ச்சியே. கோடுகளைக் கண்டது கண்ணின் மயக்கம். ஐயுற்றவரை விலக்கியது அவ்வகையில் சேராது.

புனைகதையாளர் கையில்

எச். ஜி. வெல்ஸின் உலகங்களின் போர் 1897இல் தொடராகவும் 1898இல் நூலாகவும் வெளிவந்தது. குளிர்ந்து முதிர்ந்த செவ்வாய், வளம் குன்றிய நிலம், மனிதரை விஞ்சிய அறிவு ஆகியன லோவெலிடமும் வெல்ஸிடமும் பொதுவாக உள்ளன. இவற்றுக்கு இருவருக்கும் பொதுவான ஊற்று நெபுலாக் கருதுகோளே. ஆனால் முடிவில் இருவரும் எதிரெதிர்த் திசையில் சென்றனர். வளம் குன்றினால் ஒற்றுமை பிறக்கும் என்றார் லோவெல். வளம் குன்றினால் படையெடுப்பு நிகழும் என்று கதை புனைந்த வெல்ஸ், தாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் இழைத்த அழிவைத் தொடக்கத்திலேயே நினைவூட்டினார். ஆலைச் செல்வத்தில் பிறந்தவரின் செவ்வாயும், வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவரின் மகனுடைய செவ்வாயும் இவ்வாறு வேறுபட்டது தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. பின்னர் 1908இல் செவ்வாயின் உயிர்கள் பற்றிக் கட்டுரை எழுதியபோது, வெல்ஸ் லோவெலின் நூலையே அடிப்படையாகக் கொண்டார்.

எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் தொடங்கிய பார்சூம் கதைகளில் லோவெலின் செவ்வாய் ஏறக்குறைய முழுமையாகவே இடம்பெறுகிறது. வற்றிய கடற்படுகை, நீர்வழிகளின் கரையோரப் பயிர்நிலம், கைவிடப்பட்ட மாநகரங்கள் யாவும் அங்குண்டு. மெலிந்துவரும் காற்றை ஆலை வைத்து உற்பத்தி செய்வது மட்டும் பரோஸின் சொந்தச் சேர்க்கை. போரற்ற சமூகம் என்னும் பகுதியை அவர் விட்டுவிட்டார். வாள்வீரனின் கதைக்கு அது உதவாது. ருஷ்யாவில் அலெக்சாண்டர் பொக்தானோவ் அதே பகுதியை எடுத்துக்கொண்டு, கால்வாய் வெட்டிய பொதுவுடைமைச் சமூகமாகச் செவ்வாயை 1908இல் தம் செவ்விண்மீன் புதினத்தில் படைத்தார். ஒரே வானியல் நூலிலிருந்து போர்க்கதையும் புரட்சிக் கதையும் பிறந்தமை, அந்நூல் எத்துணை இலக்கியத் தன்மை உடையது என்பதற்குச் சான்று.

வெள்ளியின் நிலை வேறு. சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ், முகில் இருப்பதால் ஈரம் மிகுதி எனக் கருதி, 1918இல் அதனைச் சதுப்பு நிலக் காடாகச் சித்திரித்தார். பல்லாண்டுக் கதைகள் அச்சதுப்பில் நடந்தன. 1970இல் வெனெரா 7 தரையிறங்கியபின் தெரிந்தது 460 செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும், புவியைப்போல் தொண்ணூறு மடங்கு அழுத்தமும்.

மறுப்புகள்

லோவெலுக்கு எதிரான சான்றுகள் அவர் வாழ்நாளிலேயே குவிந்தன. கிரீனிச் வானாய்வகத்தைச் சேர்ந்த எட்வர்டு மாண்டர், ஒழுங்கற்ற புள்ளிகளும் கறைகளும் கொண்ட வட்டுகளைப் பள்ளிச் சிறுவர்களுக்குத் தொலைவிலிருந்து காட்டி வரையச் செய்தார். வட்டில் இல்லாத நேர்க்கோடுகளைச் சிறுவர் பலர் வரைந்தனர். 1903இல் இம்முடிவு வெளியானபோது லோவெல் அதனை எள்ளி ஒதுக்கினார். சிதறியவற்றை இணைத்துக் கோடாக்குவது கண்ணுக்கு இயல்பு என்பதே அச்சோதனையின் செய்தி.

1907இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், தம் எண்பத்து நான்காம் அகவையில், லோவெலை மறுத்துத் தனி நூலே எழுதினார். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு உடன் கண்டறிந்தவர் அவர். செவ்வாயின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 9 செல்சியஸ், அதாவது தென் இங்கிலாந்தை ஒத்தது என்று லோவெல் கணக்கிட்டிருந்தார். வாலஸ் அது நீரின் உறைநிலைக்கு மிகக் கீழேயே இருக்கும் என்று காட்டினார். திறந்த கால்வாயில் பாலையின் குறுக்கே நீரைக் கொண்டுசெல்வது அறிவுடையோர் செய்யும் செயலன்று என்றும் வாதிட்டார். இன்றைய அளவீட்டில் சராசரி ஏறத்தாழச் சுழியத்துக்குக் கீழே 60 செல்சியஸ். தொலைநோக்கியை நம்பியவரினும் மேசையில் அமர்ந்து கணக்கிட்ட முதியவர் உண்மைக்கு அருகில் நின்றார்.

1909இல் இரு செய்திகள் வந்தன. லிக் வானாய்வகத்தின் காம்ப்பெல், விட்னி மலையுச்சிக்கு ஏறிச் செவ்வாயின் நிறமாலையை எடுத்து, அங்கு நீராவி அறியத்தக்க அளவில் இல்லை என்று கண்டார். அதே ஆண்டில் பாரிசுக்கு அருகிலுள்ள மெடோனின் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் நோக்கிய அந்தோனியாடிக்குக் கோடுகள் கலைந்து, ஒழுங்கற்ற திட்டுகளாகத் தெரிந்தன. பெரிய தொலைநோக்கி காற்றின் கலக்கத்தையும் பெரிதாக்கும் என்று லோவெல் மறுமொழி கூறினார். பொதுவிதி என்ற அளவில் அதில் உண்மை உண்டு. கோடுகளைக் காப்பாற்ற அது போதவில்லை.

இறுதி ஆண்டுகள்

1908இல் கான்ஸ்டன்ஸ் கீத் என்பவரை மணந்த லோவெல், தம் கடைசிப் பத்தாண்டின் பெரும்பகுதியை நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கோளைத் தேடுவதில் கழித்தார். யுரேனசின் இயக்கத்தில் தெரிந்த சிறு பிறழ்ச்சிகளைக் கொண்டு அதன் இடத்தைக் கணித்து 1915இல் வெளியிட்டார். அக்கோள் அவர் கைக்கு எட்டவில்லை. 1916 நவம்பர் 12 அன்று மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் ஃபிளாக்ஸ்டாஃபில் காலமானார். செவ்வாய்க் குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சொத்துத் தொடர்பான வழக்கால் ஏறத்தாழப் பத்தாண்டு ஆய்வகம் பொருள் நெருக்கடியில் தவித்தது. 1930 பிப்ரவரியில் அங்குப் பணியாற்றிய இளைஞர் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். லோவெலின் பிறந்தநாளான மார்ச் 13 அன்று அச்செய்தி அறிவிக்கப்பட்டது. 1915இலேயே ஆய்வகத்தின் ஒளிப்படத் தகடுகளில் அது பதிந்திருந்ததும், எவர் கண்ணிலும் படாமற் போனதும் பின்னரே தெரிந்தன. இல்லாத கோடுகளைக் கண்ட இடத்தில் இருந்த கோள் காணப்படவில்லை. லோவெலின் கணிப்புக்கு அருகே புளூட்டோ அகப்பட்டதும் தற்செயலே. யுரேனசை இழுக்கும் அளவு நிறை அதற்கில்லை.

அவ்வாய்வகத்தின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு வேறொருவருடையது. லோவெல் பணியமர்த்திய வெஸ்டோ ஸ்லைஃபர், 1912 முதல் சுருள் நெபுலாக்களின் வேகத்தை நிறமாலையால் அளந்தார். அவற்றுள் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகிச் செல்வதாகத் தெரிந்தது. பேரண்டம் விரிவடைகிறது என்னும் முடிவுக்கு அவ்வளவீடுகள் அடித்தளமாயின. கோள்களின் பிறப்பை ஆராயும் நோக்குடன் லோவெலே அப்பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

விண்கலங்கள் கண்ட செவ்வாய்

அறிஞர் பெரும்பாலோர் கைவிட்ட பின்னரும் கோடுகள் எளிதில் மறையவில்லை. ரே பிராட்பரி 1950இல் வெளியிட்ட செவ்வாய்க் கதைத் தொகுப்பின் இறுதியில், புவியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கால்வாய் நீரில் தம் நிழலையே செவ்வாய் மாந்தராகக் காண்கிறது. பிராட்பரிக்குக் கால்வாய் அறிவியல் செய்தியாக வேண்டியிருக்கவில்லை. ஆனால் 1962இல் அமெரிக்க விமானப்படை அணியம் செய்த செவ்வாய் வரைபடத்திலும் அக்கோடுகள் இருந்தன. அதற்கு உழைத்தவர் வெஸ்டோவின் தம்பியும் லோவெலின் உதவியாளருமான ஏர்ல் ஸ்லைஃபர். அவர் 1964இல் மறைந்தார். 1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து சென்று 22 படங்களை அனுப்பியது. அவற்றில் தெரிந்தவை நிலவை ஒத்த பள்ளங்களே. காற்றழுத்தம் புவியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; அதில் திறந்த நீர் நிலையாக நிற்காது.

1971 நவம்பரில் மாரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. புயல் அடங்கியபின் பெரும் எரிமலைகளும் 4,000 கிலோமீட்டர் நீண்ட பள்ளத்தாக்கும் வெளிப்பட்டன. லோவெலின் கோடுகளுள் ஒன்றிரண்டே நிலத்தோற்றம் எதனோடேனும் பொருந்தின. அவற்றோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத இடங்களில், வளைந்து கிளைத்து ஓடிய வறண்ட ஆற்றுத்தடங்கள் காணப்பட்டன. மிகத் தொன்மையான காலத்தில் நீர் ஓடி வெட்டியவை அவை. ஸ்கியாப்பரெல்லியின் சொல்லை இயற்கை நீர்வழி எனப் பொருள்கொண்டால் அதற்குரிய பொருள்கள் இவையே. அவற்றை ஓடை என்றோ கால் என்றோ தமிழில் குறிக்கலாம். செவ்வாயின் தென்பாதியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றுக்கு லோவெலின் பெயர் இடப்பட்டுள்ளது.